அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் ஒட்டகம் இல்லை

ஆங்கில அமெரிக்கப் பேரிலக்கிய அறிமுக வாரியம் என்று ஒன்று இருக்கிறது. நான்கு மாடிக் கட்டிடம், வாசலில் ஒரு காவலாளி, காவலாளிக்கு ஒரு குடை, குடைக்கு ஒரு பதிவேடு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட பெரிய பெரிய நாவல்களை, அவற்றைப் படித்தறியாத புது வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பதுதான் இதன் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு நாவல்களை அறிமுகம் செய்து முடித்துவிட்டார்கள். ஒரு நாவலைக்கூட வெளியிட்டதில்லை. ஏன் என்று கேட்டால் அவர்களுக்குப் பொல்லாத கோபம் வரும். அறிமுகம்தான் வாரியத்தின் பணி, புத்தகம் அதன் பணி அல்ல என்று விதிப்புத்தகத்தை எடுத்து நீட்டுவார்கள். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று சொன்னவன் இந்தக் கட்டிடத்துப் படிக்கட்டில் நின்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் தையல்காரரின் அக்கா தன்னுடைய ஏழு வருஷத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அக்கா டெலிபோன் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டர். ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் ஆங்கில நாவல்களாகப் படித்துத் தள்ளியவள். ஓய்வு பெற்ற மறுநாள், பழைய அமெரிக்க நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு தம்பியின் தையல்கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். சுரங்க ஊர் ஒன்றில் சலவைக்கடை வைத்திருக்கும் ஒருத்தி, சுரங்க முதலாளியோடு நாற்பது வருஷம் மல்லுக்கு நிற்கிற கதை. அதைத் தமிழில் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் தம்பிக்கு வாசித்துக் காட்டுவாள். தம்பி மெஷின் மிதித்துக்கொண்டே கேட்பார். கேட்கக் கேட்க அவர் கால் தானாக நின்றுவிட்டால் அந்தப் பக்கம் தேறியது. மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் அக்கா பக்கத்தைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதுவாள்.

"உனக்குப் புரிஞ்சா போதும்டா, ஊருக்கே புரிஞ்சிடும்" என்பாள். அது பாராட்டா திட்டா என்று தையல்காரர் ஏழு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார். சலவைக்காரியின் வீடு தீப்பிடிக்கிற அத்தியாயத்தில் மெஷின் இரண்டு நாள் ஓடவேயில்லை. ஒரு மாப்பிள்ளையின் கோட்டு அதனால் கல்யாணத்துக்குப் பிறகுதான் தயாரானது.

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி முடித்த சமயத்தில் வாரியத்தின் விளம்பரம் வந்தது. மொழிபெயர்ப்புகள் வரவேற்கப்படுகின்றன. கையெழுத்துப் பிரதி மட்டுமே ஏற்கப்படும். வேறு நகல் எதுவும் எடுக்கவில்லை என்று உறுதிமொழி எழுதித் தரவேண்டும். தையல்காரர் படித்துப் படித்துச் சொன்னார், ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று. அக்கா கேட்கவில்லை. "உறுதிமொழின்னு கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் என்னடா ஜெராக்ஸ்?" என்றாள். அவர்தான் தாள்களை அடுக்கி, பச்சை நூலால் இரட்டைத் தையல் போட்டு, பழுப்புக் கான்வாஸில் அட்டை கட்டிக் கொடுத்தார். ஒரு சின்ன மெத்தை கனத்துக்கு இருந்தது.

வாரியத்துக்கு அனுப்பிப் பதினாலு மாதம் ஓடிற்று. கடிதமில்லை, பதிலில்லை. அதற்குள் அக்காவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் பேனா நழுவியது, பிறகு டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடு என்றால் பசிக்கவில்லை என்பாள். "திரும்ப எழுதலாம்னா கை எங்கடா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். தையல்காரர் அப்போதே கடையைப் பூட்டிவிட்டு வாரியத்துக்குக் கிளம்பினார்.

குமாஸ்தா கண்ணாடி வழியே பார்த்துக் கேட்டார்: "நீங்க புது வாசகரா, பழைய வாசகரா?"

"தையல்காரனுங்க."

"அது தொழில். நான் கேக்கறது தகுதி."

தகுதி என்ன என்று இரண்டு பேருக்கும் விளங்காமல் சிறிது நேரம் போயிற்று. கடைசியில் "பார்வையாளர், வகை தெரியாது" என்று எழுதி மூன்றாம் மாடிக்கு அனுப்பினார். லிப்ட் இருந்தது. ஆனால் அது அறிமுகத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. விசாரணைக்குப் போகிறவர்கள் படியேற வேண்டும்.

மூன்றாம் மாடிக் கூடத்தில் குழுப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்க நாற்பத்தொரு பழைய புகைப்படங்கள். எல்லாவற்றிலும் நடுநாயகமாகத் தலைவர். தலைவர் கொஞ்சம் குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் இருபக்கமும் இருப்பவர்களின் தோளுக்குக் கீழே போய்விடுவார். அவர் நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்: "உயரம் போதலைப்பா. அந்த அமெரிக்காவக் கொண்டா."

உதவியாளர் ஓடிப்போய் ஒரு பெரிய கட்டு எடுத்துவந்து நாற்காலியில் வைத்தார். பழுப்புக் கான்வாஸ். பச்சை நூல். இரட்டைத் தையல். தலைவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, அப்படியும் இப்படியும் அசைந்து இடம் பண்ணிக்கொண்டு சிரித்தார். புகைப்படக்காரர் சொடுக்கினார்.

தன் கைத்தையலைத் தையல்காரருக்குத் தெரியாதா? காது மடல்வரை அவருக்கு ரத்தம் ஏறியது.

"ஐயா, அது எங்க அக்கா எழுதினதுங்க."

தலைவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே முகம் மலர்ந்தார். "அப்படியா! உங்க அக்கா கொடுத்து வச்சவங்க. நிறைய பிரதி வருது. ஆனா இந்தப் பதினாலு மாசத்துல நான் இவ்வளவு நெருக்கமா இருந்த பிரதி வேற எதுவும் கிடையாது."

"படிச்சீங்களாங்க?"

கெட்ட வார்த்தை காதில் விழுந்ததுபோல ஒருவர் இருமினார். செயலாளரம்மா முன்னால் வந்து, பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்: "தலைவர் படிக்கக் கூடாதுங்க. விதி ஒன்பது. படிச்சவங்க அறிமுகம் செஞ்சா, பிடிச்சுது பிடிக்கலைன்னு ஒரு பக்கம் சாஞ்சுடுவாங்க. நடுநிலை போயிடும்."

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் தலைவர், கண்ணை மூடி. "எத்தனையோ பேர் ஆசை காட்டினாங்க. ஒரு பக்கம் புரட்டுங்க, அரைப் பக்கம் புரட்டுங்கன்னு. நான் என் நடுநிலையக் காப்பாத்திட்டேன்."

திருப்பிக் கொடுங்கள் என்று தையல்காரர் கேட்டார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏற்கப்பட்ட பிரதி வாரியத்தின் சொத்து என்றார் செயலாளரம்மா. மூன்று வாரத்தில் இதே நாவலின் அறிமுக விழா இருக்கிறதாம், நாற்பத்திரண்டாவது அறிமுகம். விழா முடிந்ததும் விதிப்படி பிரதி காகித ஆலைக்குப் போய்க் கூழாகிவிடும். "அறிமுகம் ஆனப்புறம் அதுக்கு என்னங்க வேலை?" என்று அவர் கேட்டபோது முகத்தில் உண்மையான வியப்பு இருந்தது.

ஆனை வாயில் போன கரும்பு என்று நினைத்துக்கொண்டு தையல்காரர் படியிறங்கினார். கீழே குமாஸ்தா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். இருபத்திரண்டு வருஷமாக இரண்டே இரண்டு முறை சம்பளம் உயர்ந்த மனிதர் அவர். தலைவர்மேல் அவருக்குப் பாசம் கிடையாது.

"இங்க உள்ள போன தாள் வெளிய வர்றதுக்கு ஒரே வழி, விதி பதினேழு. போன வருஷம் ஒருத்தர் மொழிபெயர்ப்போட சேத்துத் தெரியாம கரண்ட் பில்லையும் அனுப்பிட்டார். 'தொடர்பில்லாத தாள்'னு முத்திரை குத்தி மூணே நாள்ல வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. அறிமுகமாகிற நூலுக்கும் தாளுக்கும் சம்பந்தமில்லன்னு தலைவர் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. அதட்டலாக ஒரு கேள்வி கேட்டாள்.

"மேல இருந்தது முதல் பக்கமா, கடைசிப் பக்கமாடா?"

"முதல் பக்கம்க்கா."

"அந்த முதல் பக்கத்த நான் பதினொரு தடவ கிழிச்சுப் போட்டு எழுதினேன்." நடுங்கும் கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "அவங்கள சும்மா விடக் கூடாதுடா. எனக்குத் தாளும் வேணும், அந்த ஆளும் வேணும்."

பதினாலு மாதத்தில் முதல்முறையாக அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

விழாவுக்கு ஒரு புது வாசகர் தேவை, ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். மேடையில் ஒருவரை நிறுத்தி, அவருக்குத்தான் நூலை அறிமுகம் செய்ய வேண்டும். அவர் அதற்குமுன் எதையும் படித்திருக்கக் கூடாது. தையல்காரர் மனுப்போட்டார். மறுவாரம் தேர்வுக்கு அழைத்தார்கள். நூற்றுக்குப் பூஜ்யம் எடுத்தால் தேர்ச்சி, ஒன்று எடுத்தாலும் தோல்வி. அவருக்கு முன்னால் போனவர் ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர். சின்ன வயதில் பன் சுற்றிவந்த காகிதத்தில் ஏதோ ஆங்கிலக் கதையின் பாதிப் பக்கத்தைப் படித்ததாக வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவரைப் பழைய வாசகர் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

செயலாளரம்மாவும், வாரியத்தின் ஆஸ்தான நிபுணரான பேராசிரியரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். எழுதியவளின் தம்பி என்று செயலாளரம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது; ஆனால் படித்திருக்கக் கூடாது என்றுதான் விதி, தம்பியாக இருக்கக் கூடாது என்று விதியில்லை.

"அமெரிக்க நாவலின் ஆன்மா எங்கே குடியிருக்கிறது?" என்றார் பேராசிரியர்.

"தெரியாதுங்க."

"ஆங்கில நாவல்களில் ஏன் ஓயாமல் மழை பெய்கிறது?"

"தெரியாதுங்க."

"எனக்கு இதற்கெல்லாம் விடை தெரியும் என்று நினைக்கிறீர்களா?"

தையல்காரர் ஒரு கணம் தடுமாறினார். "அதுவும் தெரியாதுங்க."

செயலாளரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு தூய்மை! இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒருத்தர நான் பாத்ததில்ல." படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த நாவலை நீங்கள் வாசித்ததுண்டா? தையல்காரர் இல்லை என்று எழுதினார். அது சத்தியமான உண்மை. காதால் கேட்டதுண்டா என்று அவர்கள் கேட்கவேயில்லை.

பிறகு இன்னொரு படிவம் கொடுத்தார்கள். எதிர்பார்ப்புப் படிவம். நாவலில் என்ன கதை இருக்கும் என்று புது வாசகர் எதிர்பார்க்கிறாரோ அதை இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தரவேண்டும். அதை நாலு நகல் எடுத்து மேடையில் பேசுகிறவர்களுக்குக் கொடுப்பார்கள்.

"அத வச்சா பேசுவாங்க?" என்றார் தையல்காரர்.

"வேற எத வச்சுப் பேசறது?" என்றார் செயலாளரம்மா. "நூல்ல என்ன இருக்குன்னு பாத்துப் பேசினா அது ஆசிரியருக்குச் சேவை. நீங்க எதிர்பார்க்கிறதப் பேசினா அது வாசகருக்குச் சேவை. வாசகர்தாங்க இங்க ராஜா."

அன்று சாயங்காலம் அக்காவும் தம்பியும் சமையலறையில் உட்கார்ந்து கதை கட்டினார்கள். அக்கா சொல்லச் சொல்லத் தம்பி எழுதினார். ரயில் வராத ஒரு ஊர். தண்டவாளமே கிடையாது. ஆனால் ஸ்டேஷன் உண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் உண்டு. அவர் தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து பச்சைக்கொடி காட்டுகிறார். பிளாட்பாரத்தில் மூட்டை முடிச்சோடு காத்திருக்கும் சனங்களுக்கு, ரயில் பயணத்தின் பெருமையைப் பற்றித் தினமும் ஒரு மணி நேரம் பேசுகிறார். அவரிடம் ஒரு ஒட்டகம் இருக்கிறது. ஒருநாள் அந்த ஒட்டகம் பொறுமையிழந்து, சனங்களை முதுகில் ஏற்றிக்கொண்டு தானே புறப்பட்டுவிடுகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பார்த்தும் அசையாமல் தனியாக நின்று கொடி காட்டுகிறார்.

தையல்காரருக்குக் கை நின்றுவிட்டது. "அக்கா, இது அச்சா அவங்க கதைக்கா. கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

"தன் முதுகு தனக்குத் தெரியாதுடா. நீ எழுது."

"ஒட்டகம் எதுக்குக்கா?"

"நம்ம நாவல்ல குதிரை வருது, கழுதை வருது, ரெண்டு நாய் வருது. மருந்துக்குக்கூட ஒரு ஒட்டகம் இல்ல. அதுக்குத்தான்." சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் இருமல் வந்து, தம்பி தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

விழா நாள். கூடம் நிறைய ஆட்கள். மந்திரி வந்திருந்தார். தையல்காரரை மேடையின் ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் நிறுத்தி, கழுத்தில் "புது வாசகர்" என்று அட்டை மாட்டியிருந்தார்கள். பழுப்புக் கட்டு வழக்கம்போலத் தலைவரின் நாற்காலியில் தலைவருக்குக் கீழே இருந்தது. தையல்காரர் அந்தப் பக்கம் பார்ப்பதும் பல்லைக் கடிப்பதுமாக இருந்தார்.

முதலில் செயலாளரம்மா பேசினார். "இந்த ஒட்டகத்துக்கு இரண்டு திமில்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஒன்று இங்கிலாந்து, மற்றொன்று அமெரிக்கா. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் நம் வாரியம் அமர்ந்திருக்கிறது." கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அடுத்து பேராசிரியர். "இந்த மகத்தான நாவலை மூலத்தில் நான் மூன்று முறை படித்திருக்கிறேன். மூன்று முறையும், ஒட்டகம் திரும்பிப் பார்க்காமல் போகும் அந்த அத்தியாயத்தில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதிருக்கிறேன். இன்று காலையில்கூட அழுதேன்." அண்டப்புளுகு ஆகாசப்புளுகு என்பார்களே, அதெல்லாம் இதற்குக் கால்தூசி. பேராசிரியர் மேடையிலேயே கைக்குட்டையை எடுத்து நாலாம் முறையும் அழுதார். மந்திரியும் அழுதார்.

கடைசியாகத் தலைவர் எழுந்தார்.

"நண்பர்களே, யார் இந்த ஸ்டேஷன் மாஸ்டர்? ரயில் வருகிறதா இல்லையா என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. தண்டவாளம் எங்கே என்று அற்பர்கள் கேட்டபோது அவன் கலங்கவில்லை. கொடி காட்டுவது என் கடமை, ரயில் விடுவது அல்ல என்றான். இந்த மாமனிதனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?" தலைவர் குரல் தழுதழுத்தது. மார்பில் கையை வைத்தார். "நான்தான் அந்த ஸ்டேஷன் மாஸ்டர்!"

கூடம் எழுந்து நின்று தட்டியது. தையல்காரரும் தட்டினார். உள்ளங்கை சிவக்கிற வரைக்கும் தட்டினார்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மந்திரி ஒலிவாங்கியைப் பிடித்து, இவ்வளவு உயர்ந்த நாவலை அறிமுகத்தோடு விடக் கூடாது என்றார். இந்த ஒட்டக நாவல் முழுசாக ஆறே மாதத்தில் அச்சில் வந்தாக வேண்டும், தலைவரே நேரடிப் பொறுப்பு, வராவிட்டால் வாரியத்தை இழுத்துப் பூட்டிவிடுவேன் என்று அறிவித்துவிட்டுப் போனார். தலைவர் கலங்கவில்லை. பிரதிதான் கைவசம், இல்லையில்லை, இருக்கைவசம் இருக்கிறதே.

மறுநாள் காலையில் அச்சுக்கு அனுப்புவதற்காக, வாரிய வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு பிரதியின் அட்டையைத் திறந்தார்கள். பின்னால் நடந்ததைக் குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தையல்காரரிடம் சொன்னார். முதல் பக்கத்தில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். பத்தாம் பக்கத்திலும் துவைத்துக்கொண்டிருந்தாளாம். ஸ்டேஷன் இல்லை, கொடி இல்லை. தலைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆளுக்கு ஐம்பது பக்கமாகப் பிரித்துக் கொடுத்து, ஒட்டகம் எங்கே என்று தேடச் சொல்லிவிட்டாராம். கூடத்துத் தரையில் பதின்மூன்று பேர் உட்கார்ந்து தேடியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தேடுகிற சத்தம் நின்றுபோயிற்று. பார்த்தால், தட்டச்சுக்கார அம்மா தீப்பிடிக்கிற அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அடுத்த பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். உதவியாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்.

"படிக்காதீங்க!" என்று தலைவர் கத்தினாராம். "யாரும் படிக்கக் கூடாது! ஒட்டகத்த மட்டும் தேடுங்க!"

சாயங்காலத்துக்குள் உறுதியாகிவிட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் ஒட்டகம் இல்லை. இதை அச்சடித்தால் மேடையில் பேசிய மூன்று பேரின் மானமும் மந்திரிக்கு முன்னால் கப்பலேறிவிடும். தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத் தையல்காரர் உள்ளே போனார். கையில் ஒரு மனு. முகத்தில் பச்சைப்பிள்ளைக் களை.

"ஐயா, பெரிய தப்பு நடந்துபோச்சுங்க. வயசானவங்க, கவனமில்லாம எங்க அக்கா வேற ஏதோ தாளக் கட்டி அனுப்பிட்டாங்க. ஒட்டகக் கதை வீட்டுல எங்கயோ இருக்கும்போல."

தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து ஓடிவந்து தையல்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதானே பாத்தேன்! நான் அப்பவே நினைச்சேன், உக்காரும்போதே ஏதோ உறுத்துச்சு. அதத் தேடிக் கொண்டாங்க. இத முதல்ல இங்கிருந்து தூக்கிட்டுப் போங்க."

"விதி பதினேழுன்னு ஒண்ணு இருக்காமே. கையெழுத்து வேணுமாமே."

தலைவர் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டார். பின்னால் யாரும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில், பக்கத்துக்குப் பக்கம் "தொடர்பில்லாத தாள்" என்று முத்திரை குத்தச் செய்தார். அதுவும் போதாதென்று வாரியத்தின் தாளில் தன் கைப்படவே எழுதினார்: "இந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களை நானோ என் வாரியத்தாரோ படித்ததில்லை. இதற்கும் எங்களுக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை." கீழே கையெழுத்து, பதவி, வட்ட முத்திரை.

பிரிந்துகிடந்த தாள்களை அட்டைக்குள் மறுபடி கட்டி மடியில் வைத்தபோது அக்கா முத்திரைகளைப் பார்க்கவேயில்லை. அட்டையைத் திறந்து முதல் பக்கத்தை நடுங்கும் கையால் தடவித் தடவி நீவினாள். பிறகு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். தையல்காரரும் அழுதார். அதற்கப்புறம் வேலைகள் மளமளவென்று நடந்தன. தெருக்கோடி அச்சகத்தில் கொடுத்தார்கள். முதல் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில், அறிமுகவுரை வரவேண்டிய இடத்தில், தலைவரின் கடிதத்தைக் கையெழுத்தும் முத்திரையுமாக அப்படியே போடச் சொன்னாள் அக்கா. அச்சகக்காரர் வேண்டாம்மா, வம்பு என்றார். "அவர் எழுதினதிலயே உண்மையானது இது ஒண்ணுதான். போடுங்க" என்றாள்.

அது வேலை செய்தது. இத்தனை பெரிய ஆபீஸ் 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று அலறுகிற அளவுக்கு அப்படி என்னதான் இருக்கிறது என்று சனங்கள் புத்தகத்தைத் திறந்தார்கள். கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் வாங்கிப்போனார்கள். பூட்டு ரிப்பேர்க்காரர் இரண்டு பிரதி வாங்கினார். தட்டச்சுக்கார அம்மா விட்ட இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்று மூச்சிரைக்க வந்தார். நாலே மாதத்தில் இரண்டாம் பதிப்பு. அக்கா மறுபடி தினமும் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார ஆரம்பித்தாள்.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயத்தில் ஒருநாள் மத்தியானம் தலைவர் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சட்டை தொளதொளத்தது. இங்கிலாந்து, அமெரிக்கா என்று நூலகம் நூலகமாகக் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டாராம். எங்கேயும் அப்படி ஒரு ஒட்டக நாவல் இல்லையாம். மூன்று முறை படித்த பேராசிரியர் நெஞ்சுவலி என்று விடுப்பில் போய்விட்டாராம். மந்திரி வாரம் தவறாமல் கேட்கிறாராம்.

"அம்மா, அந்தச் சரியான தாள்கள்... தேடிப் பாத்தீங்களா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "அப்படி ஒரு தாளே கிடையாதுங்க. நானும் இவனும் அடுப்படியில உக்காந்து கட்டிவிட்ட கதை அது. என் ஏழு வருஷத்து மேல நீங்க பதினாலு மாசம் உக்காந்திருந்தீங்க. என் கை போச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. அதான் செஞ்சேன்."

தலைவர் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று தையல்காரர் நினைத்தார். அவர் போகவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். புத்தம் புதிய நோட்டு. ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

"அப்ப நானேதான் எழுதணும்" என்றார் ஈனசுரத்தில். "இன்னும் ஒரு மாசம் இருக்கு. நான் அறிமுகம் தவிர எதுவும் எழுதினதில்லம்மா. முடிவு மட்டுமாவது சொல்லுங்க. அந்தக் கதைத் தலைவருக்குக் கடைசியில என்ன ஆகுது?"

"தலைவர் நாசமாப் போறார்" என்றாள் அக்கா.

தலைவர் குனிந்து எழுதிக்கொண்டார். "எப்படிம்மா?"

"மெதுவா."

அதையும் எழுதிக்கொண்டார்.